நியோனின் எட்டாவது புள்ளி

போன மாதம் என்னைத் தேடி இரண்டு பெண்கள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் இப்போது உதவியாளர்களாக இருப்பவர்கள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் ஒருத்தி புதுப் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள்.

"அன்ரி, ஈலியம், நியோன், ஆகன், செனன் எல்லாத்தையும் இனி சடத்துவ வாயு எண்டு சொல்லக் கூடாதாம். ஒண்டோடையும் சேராது எண்டது பிழையாம். வெளிநாட்டில ஒராள் செனனைப் பிடிச்சு வேற மூலகத்தோட சேர்த்துக் காட்டிப்போட்டாராம்."

"செனனைத்தானே?" என்றேன். "நாங்கள் கொட்டாஞ்சேனையில சண்டைக் காலத்திலயே நியோனைச் சேர்த்துப்போட்டம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மறதி வந்திருந்தால் எனக்கு நல்லதுதான். வராதபடியால் இதை எழுதுகிறேன்.

நான் ஆய்வுகூட உதவியாளராகப் படித்து வந்தவள் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு வகுப்பில் தட்டச்சுப் பழகி, விளம்பரம் பார்த்து மனுப்போட்டவள். பாடசாலைக்கு ஒரு தட்டச்சாளரும் ஓர் ஆய்வுகூட உதவியாளரும் தேவைப்பட்டார்கள். சம்பளம் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆகவே காலையில் பரிசோதனைக் குழாய் கழுவினேன், பின்னேரம் கடிதம் அடித்தேன். அமிலம் பட்டு என் சேலைகளில் விழுந்த ஓட்டைகளைத் தவிர முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரசாயனம் படிப்பித்தவர் துரைசிங்கம் சேர். அந்தக் காலத்தில் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கப் பெண் ஆசிரியர் கிடைப்பது அரிது. இவர் ஓர் ஆண்கள் கல்லூரியில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். அவரும் வெள்ளவத்தைதான். ஒரே ரயிலில் கோட்டைக்கு வருவோம். அவர் முதல் வகுப்பிலும் நான் மூன்றாம் வகுப்பிலும் வந்தபடியால் ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் ரயிலில் சந்திக்கவில்லை. கோட்டையில் இறங்கினால் என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். பாடசாலை வாசலில்தான் "குட் மோர்னிங், மிஸ் தங்கேஸ்வரி" என்பார், நான் அப்போதுதான் நிலத்திலிருந்து முளைத்த மாதிரி.

வெள்ளைக் கோட்டு, கறுத்தக் குடை, பச்சை மை ஊற்றிய பேனை. பச்சை மை பாடசாலையில் அவரைத் தவிர வேறு யாரும் பாவிக்கக் கூடாது. அவர் பச்சையில் கையெழுத்து வைத்த தாளில் பிழை இருக்காது. பிழை இருந்தால் அது அவர் கையெழுத்து வைத்த பிறகு நடந்ததாகத்தான் இருக்கும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

மனுஷர் நன்றாகப் படிப்பிப்பார், அதை மறைக்கக் கூடாது. அணுவின் ஆகக் கடைசி ஓட்டில் இருக்கும் இலத்திரன்கள்தான் வலுவளவு இலத்திரன்கள். மற்ற அணுக்களோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவற்றின் வேலை. மூலகத்தின் குறியீட்டை எழுதி, அதைச் சுற்றி அந்த இலத்திரன்களை மட்டும் புள்ளியாக வைத்தால் அதுதான் லூயிஸ் கட்டமைப்பு. சோடியத்துக்கு ஒரு புள்ளி. குளோரினுக்கு ஏழு. நியோனுக்கும் ஆகனுக்கும் எட்டு. ஈலியத்துக்கு இரண்டுதான், ஆனால் அதன் சின்ன ஓட்டுக்கு இரண்டே நிறைவு.

"குளோரின் வேலை தேடித் திரியிற ஆள்," என்பார் வகுப்பில். "ஒரு புள்ளி குறையுது. ஆரிட்டயாவது பறிக்கப் பார்க்கும். சோடியம் ஒண்டை வைச்சுக்கொண்டு எப்ப கை கழுவலாம் எண்டு நிக்கும். நியோன் அப்பிடி இல்லை. நியோன் நிரந்தர உத்தியோகத்தர், பென்சனோட. ஒருத்தரிட்டயும் கை நீட்டாது, ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்காது."

பின்வாங்கில் குழாய் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு நியோன் மேல் பொறாமையாக இருக்கும். நான் தற்காலிகம். ஊரில் அப்பா கிழமைக்கொரு கடிதமும் மாதத்துக்கொரு சாதகமும் அனுப்பிக்கொண்டிருந்தார். நிரந்தரமாக்கும் கடிதம் வந்தால் கொழும்பில் இருக்கலாம். வராவிட்டால் வருஷ முடிவில் ஊருக்குப் போய், சாதகம் பொருந்தின யாரோ ஒருவருக்குச் சோறு போடவேண்டும். அப்பாவோடு செய்த ஒப்பந்தம் அது. அந்தக் கடிதத்துக்கு நிருவாகக் குழுவிடம் சிபாரிசு செய்யவேண்டியவர் துரைசிங்கம் சேர்.

இரண்டாம் உலக யுத்த காலம். பாடசாலையின் நல்ல கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொண்டு எங்களுக்குக் கிடுகுக் கொட்டிலைத் தந்திருந்தது. கடுதாசிக்குப் பெரும் தட்டுப்பாடு. பரீட்சை முடிந்ததும் வினாத்தாள்களைத் திருப்பி வாங்கி, பின்பக்கத்தில் அடுத்த வகுப்புக்குக் கணக்கு எழுதக் கொடுப்போம்.

அந்த நாளில் பொதுப் பரீட்சைக்கு யாரும் நினைத்தபடி தோற்ற முடியாது. பாடசாலை முதலில் தானே ஒரு தெரிவுப் பரீட்சை வைக்கும். அதில் தேறினவர்களைத்தான் அனுப்பும். அனுப்பினவர்கள் எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்று பத்திரிகையில் போடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரசாயனத்துக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அக்கம்பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்களும் சேர்த்து. பரீட்சை ஆங்கிலத்தில்தான். வினாத்தாளைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு.

மெழுகுத் தாளில் அடிப்பது எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இயந்திரத்தில் மை நாடாவை விலக்கிவிட்டு, எழுத்து நேரே மெழுகை வெட்டும்படி அடிக்கவேண்டும். வெட்டின இடத்தால் மை இறங்கிப் பிரதிகள் விழும். எழுத்துகள் சொன்னபடி கேட்கும். முற்றுப்புள்ளி கேட்காது. பலமாக அடித்தால் தாளைத் துளைத்து மை கொட்டும். மெல்ல அடித்தால் வெட்டாது. லூயிஸ் கட்டமைப்போ முழுக்க முழுக்க முற்றுப்புள்ளி. குறியீட்டின் இரண்டு பக்கமும் முக்காற்புள்ளி போட்டால் நாலு புள்ளி ஆகும். பிறகு உருளையை அரை வரி மேலே திருப்பி இரண்டு புள்ளி, அரை வரி கீழே திருப்பி இரண்டு புள்ளி. ஊசியைக் கையில் பிடித்துக் குத்தினால் அரை நிமிஷ வேலை. ஆனால் சேர், "கை நடுங்கும், மெஷின் நடுங்காது," என்று சொல்லிவிட்டார்.

நாலாம் கேள்வியில் நாலு அணுக்களின் புள்ளிப் படம்: சோடியம், குளோரின், ஈலியம், நியோன். "தரப்பட்ட புள்ளிகளைக் கொண்டு, இவற்றில் எவை பிறவற்றோடு சேரா எனக் கூறி, காரணம் தருக." இருபது புள்ளி, அதாவது மதிப்பெண். நியோனுக்கு மேலே இரண்டு போடவேண்டிய இடத்தில் என் விரல் மூன்று போட்டுவிட்டது. ஒன்பது இலத்திரனோடு நியோன்! திருத்தும் சிவப்புப் பூச்சைச் சின்னத் தூரிகையால் தொட்டு மூன்றாவது புள்ளியை மூடி, வாயால் ஊதிக் காயவைத்தேன். நான் ஊதின வேகத்தில் பூச்சு பக்கத்துப் புள்ளிக்கும் பரவியிருக்கிறது. ஒன்றை அழிக்கப் போய் இரண்டை அழித்தேன். நியோனுக்கு மிஞ்சியது ஏழு.

முதற் பிரதியை எடுத்துச் சேரிடம் கொடுத்தேன். அதுதான் முறை. அவர் கண்ணாடி வில்லையை எடுத்து, மேலிருந்து கீழே, சொல் சொல்லாகப் பார்த்தார். மூன்றாம் கேள்வியில் ஒரு காற்புள்ளியைக் கண்டுபிடித்து நீக்கினார். "கவனம், மிஸ் தங்கேஸ்வரி. காற்புள்ளி சின்னப் பொருள் இல்லை," என்று சொல்லி, அடியில் பச்சை மையால் கையெழுத்து வைத்தார். தன்னுடைய வசனங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தவர் நியோனைப் பார்க்கவில்லை.

பரீட்சை நடந்தது. முப்பத்தொரு பிள்ளைகள், ஈலியமும் நியோனும் சேரா, ஏனெனில் ஈலியத்தைச் சுற்றி இரண்டும் நியோனைச் சுற்றி எட்டும் இருக்கின்றன என்று எழுதினார்கள். சிலர் அந்த எட்டை அடிக்கோடிட்டும் இருந்தார்கள். கண் முன்னே ஏழு புள்ளியை வைத்துக்கொண்டு எட்டு என்று எழுதுவதற்கு நல்ல படிப்பு வேண்டும்.

மிச்சம் ஒருத்தி, பிலோமினா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவர், தாய் வீட்டில் தையல். வைத்தியக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று சொல்லித் திரிந்தவள். மற்றப் பிள்ளைகள் அதற்காகவே அவளை டொக்டர் அம்மா என்று பகிடி பண்ணுவார்கள். அவள் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். "ஈலியம் மட்டும் சேராது. வினாத்தாளில் நியோனுக்கு ஏழு புள்ளிகளே தரப்பட்டுள்ளன. ஆகவே குளோரினைப் போல அதுவும் சோடியத்தோடு சேரும். வகுப்பில் படித்தது வேறு. ஆனால் தரப்பட்ட புள்ளிகளைக் கொண்டு விடை எழுதும்படி கேட்கப்பட்டிருப்பதால் அவ்வாறே எழுதுகிறேன்."

சேர் அதை ஆய்வுகூடத்தில், நான் இருக்கவே, உரத்து வாசித்தார். "நியோனும் சோடியமும் சேருமாம்! கலியாணத்துக்கு நாள் பாக்கட்டாம்!" சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். சிரிப்பு நின்றது. மேசையிலிருந்த வினாத்தாளை இழுத்தார். வில்லையை எடுத்தார். மூடின பேனையின் நுனி நியோனைச் சுற்றி ஒரு தரம் போனது, பிறகு மறுபக்கமாக இன்னொரு தரம் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனையைத் திறந்து, இருபதுக்குப் பூச்சியம் என்று பச்சையில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பூச்சியத்தால் பிலோமினா அனுப்பப்படுவோர் வரிசையிலிருந்து கீழே விழுந்தாள்.

அவர் போன பிறகு நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். அன்று ரயிலில் வெள்ளவத்தையைத் தவறவிட்டுத் தெஹிவளையில் போய் இறங்கினேன்.

அடுத்த நாள் காலை துணிந்து போய்ச் சொன்னேன். "சேர், அது என்ர பிழை. பூச்சுப் பரவிப்போச்சு. அந்தப் பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கிறா."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பிழை உம்மடது. கையெழுத்து என்ர," என்றார். "இப்ப ஏழு எண்டு ஒத்துக்கொண்டா முப்பத்தொரு பேரும் பிழை. திரும்பப் பரீட்சை வைக்கோணும். கடுதாசி எங்க? நாள் எங்க? ஒரு பிள்ளைக்காக முப்பத்தொரு பிள்ளையைக் குழப்பிறதோ?"

"அவ ஒராள்தானே சேர் எண்ணிப் பார்த்தவ."

"ஓம். எண்ணச் சொல்லி ஆர் கேட்டது?" பிறகு குரலை இறக்கினார். "உம்மட விஷயம் அடுத்த கிழமை கமிட்டிக்குப் போகுது. நான் நல்லமாதிரித்தான் எழுதியிருக்கிறன். கோப்பில இருக்கிற தாளுகளை ஒருக்காப் பார்த்துச் சரிப்படுத்தி வையும்."

மிரட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இருந்து செய்யும் என்றுகூடச் சொன்னார். நான் இருந்து செய்தேன். பேனையால் வைத்தால் தெரிந்துவிடும். குண்டூசியின் தலையை மெழுகுத்தாள் மையிலேயே தொட்டு, ஒவ்வொரு நியோனுக்கும் மேலே மெல்ல வைத்து எடுத்தேன். அசல் எது, நான் வைத்தது எது என்று எனக்கே தெரியவில்லை. கோப்புப் பிரதியும் திரும்பி வந்த முப்பத்தொரு தாள்களும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் முப்பத்திரண்டு நியோனும் நிறைவடைந்தன. விஞ்ஞான உலகில் இத்தனை இலத்திரனைத் தனியொருத்தி கையால் கொடுத்ததாக நான் வாசித்ததில்லை.

கொடுத்த தாள் முப்பத்திரண்டு, திரும்பி வந்தது முப்பத்தொன்று என்பது அப்போதே எனக்குத் தெரியும். வராதது எது என்றும் தெரியும். சேரிடம் சொல்லவில்லை. அதை நான் செய்த நல்ல காரியம் என்று கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது. பிலோமினாவின் தாய் கொண்டுவந்தா. கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, கையில் சின்னப் பை. மகளைக் கூட்டிவரவில்லை, பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் வகுப்புக்கு வரத் தேவையில்லை என்று முந்தின நாளே அறிவித்திருந்தோம். கேள்விவாரியான மதிப்பெண்களோடு அந்த அறிவித்தலைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அதிபர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. நாங்கள் பெரிய மிஸ் என்போம். நல்ல மனுஷி, ஆனால் இருபது வருஷத்தில் தமிழில் வணக்கம் மட்டும் பழகியவர். ஆகவே மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சேர் ஏற்கெனவே கோப்போடு அங்கே நின்றார்.

தாய் தாளை மேசையில் விரித்தா. "மிஸ், எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்ணத் தெரியும். இதில எத்தின புள்ளி?" தானே விரலை வைத்து எண்ணினா. ஏழுக்குப் பிறகு விரல் நின்றது. "மகள் ஏழு எண்டு எழுதினது பிழையா?"

நான் மொழிபெயர்த்தேன், அதுவரை சரியாகவே. பெரிய மிஸ் சேரைப் பார்த்தார். சேர் கோப்பைத் திறந்து, பச்சைக் கையெழுத்திட்ட பிரதியை முன்னே தள்ளினார். நியோனுக்கு எட்டு. மற்றத் தாள்களையும் விசிறி போலப் பரப்பினார். எல்லாவற்றிலும் எட்டு.

"ஒரேயொரு தாளில் மட்டும் ஏழு," என்றார் ஆங்கிலத்தில், மிகவும் துக்கத்தோடு. "அதுவும் திருப்பித் தராமல் வீட்டுக்குக் கொண்டுபோன தாள். பிள்ளை பிளேட்டால் சுரண்டியிருக்கிறாள். சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது."

பெரிய மிஸ் என் பக்கம் திரும்பினார். "தட்டச்சு செய்தது நீதானே. நீ அடித்தது எத்தனை?"

உண்மையில் நான் அடித்தது ஒன்பது. அந்த நேரத்திலும் அது எனக்கு நினைவு வந்தது. சிரிப்புக்கூட வரப் பார்த்தது. அப்பாவின் கடிதங்களும் நினைவு வந்தன.

"எட்டு," என்றேன்.

"அந்தத் தாய்க்கு விளக்கிச் சொல்லு."

நான் குனிந்து, அவவுடைய தாளில் விரல் வைத்து, தமிழில் ஒன்றிலிருந்து எண்ணினேன். ஏழு வந்தது. பிறகு விரலை வெறும் இடத்தில் வைத்து, "இதில எட்டாவது இருந்தது, அம்மா. சுரண்டியிருக்கு," என்றேன்.

அவ கோபப்படவில்லை. தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தா. நான் விரல் வைத்த இடத்தைப் பெருவிரலால் இரண்டு தரம் தடவினா. "மிஸ், சீலையில தையலைப் பிரிச்சா ஊசி போன ஓட்டை இருக்கும். எவ்வளவு கவனமாப் பிரிச்சாலும் இருக்கும். இதில ஒண்டுமே இல்லையே. கடுதாசி மழமழ எண்டு இருக்குது. பெரிய மிஸ்ஸுக்குச் சொல்லுங்க, தடவிப் பார்க்கச் சொல்லுங்க."

பெரிய மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தடவிப் பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும், முட்டாள் இல்லை. சேர் குடையின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். பிலோமினா மட்டும் அங்கே நின்றிருந்தால் நான் அடுத்துச் சொன்னது ஒரு நிமிஷமும் நின்றுபிடித்திராது.

"விளங்கிக்கொண்டதாகச் சொல்கிறா," என்றேன் ஆங்கிலத்தில். "மகளுக்காக மன்னிப்புக் கேட்கிறா."

பெரிய மிஸ்ஸின் முகம் இளகிச் சிரிப்பு வந்தது. எழுந்து வந்து தாயின் கையைப் பிடித்துக் குலுக்கி, இதை ஒரு வழக்காக்கப் போவதில்லை, பிள்ளையின் பெயருக்குக் களங்கம் வராது என்றார். அதை நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

தாய் அந்தச் சிரிப்பைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. ஓட்டையைப் பற்றிக் கேட்டவர் யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள் என்று விளங்க இங்கிலீஷ் தேவையில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தா. வாசல்வரை நான் கூடப் போனேன், போகாமல் இருந்திருக்கலாம். படியில் நின்று திரும்பி, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னா:

"பரவாயில்ல மிஸ். உங்களுக்கும் வேலை இருக்குதுதானே."

ஏசியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவ போய் மறையும்வரை படியிலேயே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது குறையவில்லை.

பிலோமினா அந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்பப்படவில்லை. அடுத்த வருஷ விஞ்ஞான வகுப்பிலும் அவள் பெயர் இல்லை. எங்கே போனாள் என்று விசாரிப்பது எனக்குச் சுலபம், கொட்டாஞ்சேனை பெரிய ஊர் அல்ல. நான் விசாரிக்கவில்லை.

அடுத்த கிழமை குழு கூடியது. துரைசிங்கம் சேர் சொன்னபடியே நல்லமாதிரி எழுதியிருந்தார். நேர்மை என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. பாடசாலைக்கு வேறு தட்டச்சாளர் இல்லாதபடியால், என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தை நானே அடித்தேன். அதில் ஒரு பிழையும் விடவில்லை.